‘ஒற்றுமை’ கப்பலுக்குக் கயிறு கட்டியவள்

எங்கள் டேனிஷ் தீவின் தேவாலயக் கூரையிலிருந்து, கடலோடிகளின் காணிக்கையாக, ஒரு மரப் பாய்க்கப்பல் தொங்குகிறது. நாலடி நீளம், இரண்டு பாய்மரம், பாயைத் தொங்கவிட எட்டு குறுக்குக்கழிகள். முகம் பலிபீடத்தைப் பார்த்திருக்கும். பெயர் ‘ஒற்றுமை’. இருநூற்றுப் பத்து பேர் வாழ்கிற இந்தத் தீவில் யார் யாரோடு பேசுவதில்லை என்று தெரிந்துகொள்ளவே புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வருஷம் ஆகும். பெயர் வைத்த மகராசனுக்கு நல்ல மனசு, வேறென்ன சொல்ல.

அந்தக் கப்பலைப் பராமரிக்க ஒரு கமிட்டி உண்டு. மூன்று பேர், மூவரும் ஓய்வுபெற்ற கேப்டன்கள். கேப்டன் என்றதும் புயல், பனிப்பாறை என்று கற்பனையை ஓட்டிவிடாதீர்கள். மூவரும் ஓட்டியது எங்கள் துறையிலிருந்து எதிர்க்கரைக்கும், எதிர்க்கரையிலிருந்து எங்கள் துறைக்கும் போய்வரும் ஃபெர்ரி. நாற்பது நிமிஷப் பயணம். வழி தவறினால் சத்தம் போட்டுக் கரையிலிருப்பவனிடமே கேட்டுக்கொள்ளலாம். தலைவர் கிரெஸ்டன் இதை முப்பத்தொரு வருஷம் செய்தார். மொத்தத் தூரத்தைக் கூட்டினால் பூமியைப் பதினாலு தடவை சுற்றிய மாதிரி என்று சொல்வார். கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். ஹோல்கரின் வேலை தலைவர் சொன்னதற்குத் தலையாட்டுவது. எய்னர் தூங்குவார்.

இதே மூவர் கையில்தான் இன்னொன்றும் இருந்தது. கப்பலுக்குக் கீழே வடக்குச் சுவரில் ஒரு கறுப்புப் பலகை. கடலில் மாண்ட எங்கள் தீவுக்காரர்களின் பெயர், வேலை, வருஷம், எந்தக் கடல் என்று வெள்ளை எழுத்தில் வரிசையாக இருக்கும். வட கடல், பிஸ்கே வளைகுடா, ஐஸ்லாந்துக்குத் தெற்கே. என் புருஷன் எஸ்கிலின் பெயர் அதில் இல்லை. எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வரி. இரண்டு வருஷமாக அதைத்தான் கேட்டேன், இரண்டு வருஷமாக இல்லை என்றார்கள்.

எஸ்கில் முப்பத்தெட்டு வருஷம் சரக்குக் கப்பல்களில் இருந்தார், கேப்டனுக்கு அடுத்த சீஃப் ஆபீசராக உயர்ந்தார். எண்பத்திரண்டாம் வருஷம் பிப்ரவரியில் கப்பலை எதிர்க்கரையில் நிறுத்திவிட்டு, தன்னுடைய சின்னப் படகில் தனியாக வீட்டுக்கு வந்தார். எப்போதும் அப்படித்தான். ஃபெர்ரியில் ஏற மாட்டார். ஃபெர்ரியை ஒரு கப்பலாக அவர் மதித்ததே இல்லை, அதை கிரெஸ்டன் காதுபடவே பலமுறை சொல்லியிருக்கிறார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மனுஷன். அன்றைக்கு வியாழக்கிழமை, பட்டப்பகல். கடலைக் கடந்து, துறைமுகச் சுவருக்குள் வந்து, படகைக் கட்டி, கல்படியில் காலை வைத்தார். படி முழுக்க உறைபனி. வழுக்கி, படகுக்கும் சுவருக்கும் நடுவில் போய்விட்டார். கனமான கோட்டும் பூட்ஸும் அவரை மேலே வரவிடவில்லை.

முதல் தடவை நான் போய்க் கேட்டபோது கிரெஸ்டன் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விதிமுறையைப் படித்தார். துறைமுகச் சுவரின் முனையில் ஒரு விளக்கு இருக்கிறது, அதற்கு வெளியே போனவர்களுக்குத்தான் பலகையாம். எஸ்கில் விளக்குக்கு உள்ளே நாற்பது மீட்டரில் போய்விட்டாராம்.

"டாக்னி, தப்பா நெனச்சுக்காத. எஸ்கில் செத்தது கடல்ல இல்ல, தண்ணியில," என்றார்.

"அப்ப கடல்ல என்ன இருக்கு கேப்டன்? மோரா?" என்று கேட்டேன்.

ஹோல்கர் சிரித்துவிட்டார், பிறகு தலைவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். இரண்டாம் வருஷம் நான் போகவில்லை, எழுதிக் கொடுத்தேன். பதிலும் எழுத்திலேயே வந்தது. அதே விளக்கு, அதே நாற்பது மீட்டர்.

அந்த டிசம்பரில் ‘ஒற்றுமை’யே ஒரு முடிவெடுத்தது. பிரசங்கத்தின் நடுவில், நூறு வருஷமாகப் பாய்மரத்தை முன்பக்கம் இழுத்துப் பிடித்திருந்த கயிறு உளுத்துப்போய் அறுந்தது. பாய்மரம் சாய்ந்தது, மேல்துண்டு கழன்று எய்னர் மடியில் விழுந்தது. அவர் பிரசங்கத்தில் விழித்திருந்ததை ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது. கப்பலைக் கீழே இறக்கினார்கள். அத்தனை கயிறும் தொட்டால் பொடியாக உதிர்ந்தது.

கயிற்றை நாங்களே கட்டுகிறோம் என்று கமிட்டி அறிவித்தது. மூன்று வாரம் துறைமுக ஆபீசில் கதவைச் சாத்திக்கொண்டு கட்டினார்கள். அந்த மூன்று வாரத்தில் நடந்த முன்னேற்றம்: ஹோல்கரின் மீசையில் பட்டாணி அளவுக் கப்பி ஒன்று பசையோடு ஒட்டிக்கொண்டது, அதை எடுக்க மீசையில் பாதியை வெட்ட வேண்டியிருந்தது. ஜனவரி முதல் வாரத்தில் கப்பலைத் தூக்கிவந்து என் மேஜையில் வைத்துவிட்டு, மூவரும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு என் சமையலறையில் நின்றார்கள். நான் இருபத்தாறு வருஷம் ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்தவள். மனுஷன் வயிற்றுக்குள் இடுக்கியை விட்டு முடிச்சுப் போடுகிற டாக்டர்களுக்குப் பக்கத்தில் நின்று, அவர்கள் கை நடுங்கினால் நானே போட்டவள்.

"கப்பலுக்குக் கொஞ்சம் கயிறு கட்டணும் டாக்னி," என்றார் கிரெஸ்டன்.

"கொஞ்சம்னா?"

"ஒரு எழுநூறு முடிச்சு இருக்கும்."

"எண்ணிப் பாத்தீங்களா?"

"எண்ணிக்கிட்டேதான் இருந்தோம். எய்னர் தூங்கிட்டாரு, எங்க விட்டோம்னு மறந்துபோச்சு."

"நான் கட்டிக் குடுத்தா எஸ்கில் பேரு பலகையில ஏறுமா?"

கிரெஸ்டன் தொண்டையைக் கனைத்தார். "அது வேற விஷயம், இது வேற விஷயம்."

"அப்ப வாசல் அந்தப் பக்கம்."

போனார்கள். போன பிறகு, அவர்கள் மேஜையில் வைத்துவிட்டுப் போன கப்பலைப் பார்த்தேன். பசை வழிந்து காய்ந்திருந்தது. ஒரு பக்கத்துக் கயிறு முழுக்க ஃபெர்ரி கட்டுகிற நீல நைலானைப் பிரித்து எடுத்தது. நீல நைலான்! நூற்றைம்பது வயசான மரக்கப்பலுக்கு! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. மறுநாள் காலை அந்த நைலானை வெட்டி அடுப்பில் போட்டேன். வேலையை ஒத்துக்கொண்டது அப்படித்தான், வேறு எந்தப் பெருந்தன்மையும் கிடையாது.

லினன் நூலை வாங்கி, கறுப்புச் சாயம் ஏற்றி, தேன்மெழுகில் இழுத்து எடுத்தேன். பாய்மரத்தின் இரண்டு பக்கமும் அதைத் தாங்குகிற கயிறுகள் இருக்கின்றன, பக்கத்துக்கு ஐந்து. இடது பக்கத்தை முதலில் முழுக்க இழுத்துக் கட்டினால் பாய்மரம் இடது பக்கமே சாயும். அதனால் இடது ஒன்று, வலது ஒன்று என்று மாறி மாறித்தான் கட்ட வேண்டும். வயிற்றைத் தைப்பதும் இப்படித்தான். பிறகு அந்த ஐந்து கயிறுகளுக்குக் குறுக்கே ஏணிப்படிகள் மாதிரி நூல்கள், ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு முடிச்சு. கொஞ்சம் கூடுதலாக இழுத்தால் ஐந்து கயிறும் இடுப்பு சிறுத்த மாதிரி உள்ளே வாங்கிக்கொள்ளும், அவிழ்த்து முதலிலிருந்து கட்ட வேண்டும். மேஜை முழுக்கக் கப்பல் இருந்ததால் ஜனவரி பூராவும் ரொட்டியை நின்றுகொண்டே தின்றேன். எந்தக் கயிறு எங்கே போக வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும் என்றால், எஸ்கில் பதினைந்து வயசில் பாய்மரப் பயிற்சிக் கப்பலில் ஒரு வருஷம் இருந்தவர், அந்த ஒரு வருஷத்தை முப்பது வருஷம் என்னிடம் பேசியிருக்கிறார். ‘சரி சரி, உருளைக்கிழங்கு ஆறுது, சாப்பிடுங்க’ என்று அவர் வாயை எத்தனை தடவை அடைத்திருப்பேன். அந்தப் பேச்சை இன்னொரு தடவை கேட்க எதை வேண்டுமானாலும் கொடுப்பேன்.

செவ்வாய்க்கிழமைதோறும் கமிட்டி மேற்பார்வைக்கு வந்தது. மேற்பார்வை என்றால் என் காப்பியும் என் பாதாம் கேக்கும். மூன்றாவது செவ்வாய்க்கிழமை பிரச்சினை கொடியில் வந்தது. துணியில் பாய் தைத்து, காற்றில் உப்பிய மாதிரி கஞ்சி போட்டு மாட்ட வேண்டும், பின்பக்கம் டேனிஷ் கொடி பின்னோக்கிப் பறக்க வேண்டும் என்று கிரெஸ்டன் உத்தரவிட்டார்.

"பாய் முன்பக்கம் உப்பியிருந்தா காத்து பின்னாலேர்ந்து வருதுன்னு அர்த்தம் கேப்டன். அப்ப கொடியும் முன்பக்கம்தான் பறக்கும்."

"முப்பத்தொரு வருஷம் கொடியப் பாத்தவன் நான். பின்னாலதான் பறக்கும்."

"உங்களுது எஞ்சின் வச்ச வண்டி. காத்துக்கு முன்னால நீங்க ஓடுனீங்க. இது காத்து தள்ளிப் போற கப்பல்."

"கொடிக்கு அதெல்லாம் தெரியுமா?" என்றார் ஹோல்கர்.

"கொடிக்குத் தெரியும், உங்களுக்குத்தான் தெரியல," என்றேன்.

எய்னர் கண்ணைத் திறந்து, "ரெண்டு காத்து அடிச்சா?" என்று கேட்டுவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்.

ஒரு மணி நேரம் இது நடந்தது. கேக் தீர்ந்ததும் கிரெஸ்டன் எழுந்தார். பெண்பிள்ளை சொல்லி ஒப்புக்கொள்வது அவருக்கு முடியாத காரியம், தன் தப்பென்று சொல்வது அதைவிட முடியாத காரியம். ஆகவே கமிட்டி ஒரு மூன்றாவது தீர்மானம் போட்டது: பாயே வேண்டாம், கொடியைத் துணி மாதிரி தொங்க விடு, கப்பல் துறைமுகத்தில் நிற்கிறது என்று இருக்கட்டும். துறைமுகத்தில்! எஸ்கிலுக்கு இடம் கொடுக்காத மூன்று பேர், தேவாலயக் கப்பலைத் தங்கள் கையாலேயே விளக்குக்கு உள்ளே கொண்டுவந்து நிறுத்தினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. கதவைச் சாத்திவிட்டுச் சிரித்தேன், கொஞ்ச நேரத்தில் அது அழுகையாகிவிட்டது.

பாய் இல்லையென்றால் மிச்சமிருப்பது குறுக்குக்கழிகள்தான். ஒவ்வொரு கழியின் இரண்டு நுனியிலிருந்தும் ஒரு கயிறு பாய்மரத்துக்கு மேலே போகும். இரண்டையும் சமமாகக் கட்டினால் கழி நேராக நிற்கும். ஒன்றை இழுத்து மற்றதைத் தளர்த்தினால் சாயும். பிப்ரவரியில், அந்தத் தேதி வந்த அன்று, எட்டு கழிகளையும் சாய்த்துக் கட்டினேன். முன் பாய்மரத்தில் நாலும் இடப்பக்கம் சரிய, பின் பாய்மரத்தில் நாலும் வலப்பக்கம் சரிய.

கப்பலில் சாவு விழுந்தால் அப்படித்தான் செய்வார்கள். துறைமுகத்தில் நிற்கும்போது கழிகளை இப்படி ஒன்றுக்கொன்று குறுக்காகச் சாய்த்து விட்டுவிடுவார்கள், பார்க்கிறவர்களுக்குத் துக்கம் என்று புரியும். பயிற்சிக் கப்பலின் சமையல்காரர் செத்தபோது எஸ்கிலையே மேலே ஏற்றிச் சாய்க்கச் சொன்னார்களாம். பாய்க்கப்பல் காலத்து வழக்கம், எங்கள் தீவில் அதை அறிந்த ஆட்கள் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். யாருக்கும் புரியப்போவதில்லை, யாருக்கும் சொல்லவும் போவதில்லை. சுவரில் இடம் தராவிட்டால் வைத்துக்கொள்ளுங்கள், நான் கூரையில் எடுத்துக்கொள்கிறேன் என்று இருந்தது எனக்கு.

கடைசி மேற்பார்வைக்கு மூவரும் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்கள். கிரெஸ்டன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கப்பலை இரண்டு சுற்று சுற்றினார்.

"இது சாஞ்சிருக்கே," என்றார்.

"சாஞ்சுதான் இருக்கணும்."

"எல்லாமே சாஞ்சிருக்கு. குடிச்சுட்டு நிக்கிற மாதிரி இருக்கு," என்றார் ஹோல்கர்.

"துறைமுகத்துல நிக்கிற கப்பலுக்கு இப்படி ஒரு வழக்கம் உண்டு. கேப்டனுக்குத் தெரியாமலா இருக்கும்?" என்று கிரெஸ்டன் கண்ணைப் பார்த்துச் சொன்னேன்.

அவர் கண்ணுக்குள் ஒரு கணம் பயம் வந்து போனதைப் பார்த்தேன். உடனே நெஞ்சை நிமிர்த்தினார்.

"தெரியாம என்ன? ஹோல்கர், உனக்குத்தான் ஒண்ணும் தெரியாது. இது பழைய முறை. ரொம்பச் சரியான முறை. கமிட்டிக்குப் பூரண சம்மதம்னு எழுதிக்கோ."

ஹோல்கர் எழுதிக்கொண்டார். நான் அவருக்கு இன்னொரு துண்டு கேக் வைத்தேன்.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கப்பலைக் கூரையில் ஏற்றினோம். ஊரே வந்திருந்தது. எங்கள் பாஸ்டர் தோரா இலையுதிர் காலத்தில்தான் இங்கே வந்தவள், உள்நாட்டில் பன்றிப் பண்ணைக்காரர் மகள். கப்பலில் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று அவளுக்குக் கமிட்டி ஒரு மாதம் பாடம் எடுத்திருந்தது. பிள்ளை எல்லாவற்றுக்கும் ‘அப்படியா, அப்படியா’ என்று கேட்டுக்கொள்வாள். அவளை ஒரு அப்பாவி என்று நானும்தான் நினைத்திருந்தேன். பாட்டு முடிந்ததும் அவள் பீடத்திலிருந்து ஒரு தடித்த பழைய புத்தகத்தைக் கொண்டுவந்தாள். தேவாலயப் பதிவேடு. குளிர்காலத்தில் பொழுதுபோகவில்லை, ஆரம்பத்திலிருந்து படித்தேன் என்றாள்.

"இதுல ஒரு அழகான வழக்கம் எழுதியிருக்கு. கடல்ல ஒருத்தர் தவறிட்டா, இந்தக் கப்பலோட கழிகள ஒரு வருஷம் சாய்ச்சு வைப்பாங்களாம். கடைசியா செஞ்சது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொண்ணுல. அதுக்கப்புறம் விட்டுட்டாங்க." அவள் கையை உயர்த்திக் கப்பலைக் காட்டினாள். "இன்னிக்கு நம்ம கமிட்டி அத மறுபடி ஆரம்பிச்சிருக்காங்க. எனக்கு மனசு நெறஞ்சுபோச்சு."

இருநூறு தலையும் அண்ணாந்து பார்த்தன. பிறகு இருநூறு தலையும் கமிட்டி உட்கார்ந்திருந்த முதல் பெஞ்சுக்குத் திரும்பின. கிரெஸ்டன் மெதுவாக எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டார்.

"கமிட்டி... நல்லா யோசிச்சு... பூரண சம்மதத்தோட..." என்றார்.

"யாருக்காகன்னு சொல்லுங்க கேப்டன். ஜெபத்துல பேர் சேர்க்கணும்."

கிரெஸ்டன் ஹோல்கரைப் பார்த்தார். ஹோல்கர் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து அட்டவணையைப் படிக்க ஆரம்பித்தார். ஒருவருக்கும் இல்லை என்று சொன்னால் தெரியாமல் செய்ததாக ஆகிவிடும். பூமியைப் பதினாலு தடவை சுற்றியவருக்கு ஒரு கழி சாய்ந்தால் என்ன அர்த்தம் என்று தெரியவில்லை என்று ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அவர் கழுத்து சிவந்து, சிவப்பு காது வரைக்கும் ஏறியது. அப்போது எய்னர் கண்ணைத் திறக்காமலே உரக்கச் சொன்னார்:

"எஸ்கிலுக்குத்தான். வேற யாரு செத்தா?"

பாஸ்டர் பேனாவை எடுத்தாள்.

"முழுப் பேரு?" என்று கேட்டாள் பாஸ்டர்.

கிரெஸ்டன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார், ஆனால் சத்தமாகவே சொன்னார். "எஸ்கில் ராவ்ன். சீஃப் ஆபீசர்."

இப்படி ஒரு காட்சியை இரண்டு வருஷமாக நான் எத்தனை தடவை மனசில் நடத்திப் பார்த்திருப்பேன். கிரெஸ்டன் மூக்கு அறுபடும்போது எப்படி உட்கார்ந்திருப்பேன், எந்தப் பார்வை பார்ப்பேன் என்று எல்லாம் தயாராக இருந்தது. அந்தப் பெயரை அந்தக் கூரைக்குக் கீழே கேட்டதும் ஒன்றும் வரவில்லை. கைக்குட்டையைக் கூட எடுக்கத் தோன்றாமல் கோட்டுக் கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

பாஸ்டர் இன்னும் விடவில்லை. "பதிவேட்டுல பாத்தா, யாருக்காகக் கழி சாய்க்கிறாங்களோ அவங்க பேரு பலகையிலயும் ஏறுது. நம்ம பலகையில தேடினேன், காணோம். பெயிண்டர் வர லேட்டாகுதா கேப்டன்?"

"ஆமா," என்றார் கிரெஸ்டன். "பெயிண்டர்தான் லேட்டு."

புதன்கிழமை காலை எழுத்துப் பெயிண்டர் உஃபே ஏணி போட்டுப் பலகை முன் நின்றான். அவனுக்குத் தகவல் சொல்ல கிரெஸ்டன் தனியாக வந்திருந்தார், மற்ற இருவரும் இல்லை. நானும் பார்க்கப் போயிருந்தேன். பெயர் ஆயிற்று, வேலை ஆயிற்று, வருஷம் ஆயிற்று. உஃபே தூரிகையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"எந்தக் கடல்னு போடறது?"

"பால்டிக்," என்றார் கிரெஸ்டன், நான் வாயைத் திறக்குமுன்.

"பால்டிக்கா?" என்றேன்.

"நம்ம துறைமுகத்துக்குள்ள இருக்கறதும் அந்தத் தண்ணிதானே டாக்னி."

"ரெண்டு வருஷமா அது வெறும் தண்ணியா இருந்துச்சு. திடீர்னு கடலாயிடுச்சா?"

"எல்லாருக்கும் பெருசு பெருசா கடல் பேரு போட்டிருக்கு. இவருக்கு மட்டும் துறைமுகம்னு போட்டா பாக்கறவன் என்ன நெனப்பான்? அவரு கவுரவத்துக்காகச் சொல்றேன்."

"அவரு கவுரவத்த நீங்க பாத்துக்கிட்டது போதும். எங்க செத்தாரோ அத எழுதச் சொல்லுங்க. இல்லன்னா அந்தப் பேரையும் அழிக்கச் சொல்லுங்க, பொய்யில எனக்கு அவரு பேரு வேண்டாம்."

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எதைப் பணயம் வைத்தேன் என்று எனக்கே உறைத்தது. ஏணிக்கு மேலே எஸ்கில் ராவ்ன் என்ற எழுத்து இன்னும் ஈரமாக இருந்தது, ஒரு துணி போதும் அழிக்க. அந்த வீம்புக்காரரும் அழி என்றுதான் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார்.

"நாங்க அங்கதான் இருந்தோம் டாக்னி."

"எங்க?"

"ஆபீஸ்ல. மூணு பேரும் சீட்டாடிக்கிட்டிருந்தோம். ஜன்னலுக்குக் கீழதான் அந்தப் படி. படகு உள்ள வர்றத நான் பாத்தேன். ‘மகாராஜா வந்துட்டார்டா’ன்னு சொன்னேன். இவனுங்க சிரிச்சானுங்க. நான் குனிஞ்சு சீட்டப் பாத்தேன். மறுபடி நிமிர்ந்தப்ப படகு மட்டும் நின்னுது. வீட்டுக்குப் போயிட்டாருன்னு நெனச்சேன். இன்னொரு ஆட்டம் போட்டோம்." தொப்பியை ஒரு சுற்று சுற்றினார். "துறைமுகம்னு எழுதிட்டா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நான் அதப் படிக்கணும்."

அவரைத் திட்டுவதற்கு என்னிடம் இரண்டு வருஷச் சொற்கள் சேர்ந்திருந்தன, நல்ல காரமான சொற்கள். அவற்றை விட்டுவிட்டு நானும் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"எங்க சமையல்கட்டு ஜன்னல்லேர்ந்தும் படகு தெரியும்," என்றேன். "நான் பாத்தேன். படகு வந்துடுச்சு, மனுஷன் வழியில யாரையோ புடிச்சு வாயடிக்கிறாருன்னு நெனச்சேன். ரேடியோவக் கேட்டுக்கிட்டே முக்கா மணி நேரம் அவரத் திட்டிக்கிட்டிருந்தேன். யார்கிட்டயும் இத நான் சொன்னதில்ல."

கிரெஸ்டன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, அதற்கு நான் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். உஃபே ஏணியில் நின்றபடி எதுவும் காதில் விழாத மாதிரி தூரிகையைத் துடைத்துக்கொண்டேயிருந்தான்.

"எழுதச் சொல்லுங்க," என்றேன். "சேர்ந்து படிப்போம்."

"துறைமுகம்னு எழுதுப்பா," என்றார் கிரெஸ்டன். "நம்ம துறைமுகம்னு எழுது."

கடைசி எழுத்து முடிகிற வரைக்கும் இருவரும் அங்கேயே இருந்தோம். அந்தப் படியைப் பார்க்கக் கூடாது என்று இரண்டு வருஷமாக நான் தேவாலயத்திலிருந்து மேட்டு வழியாகச் சுற்றித்தான் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவரோடு துறைமுகம் வழியாக நடந்தேன். அவருக்கு முழங்கால் வலி, மெதுவாகத்தான் நடந்தார், வழியெல்லாம் ஈரக்காற்றைத் திட்டினார், நானும் சேர்ந்து திட்டினேன். படிக்குப் பக்கத்தில் வந்ததும் அவர் தொப்பியை மறுபடியும் கழற்றினார். நான் நிற்காமல் வீட்டுக்குப் போனேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். நின்றேன்.